பார்த்தேன் என்று எழுதிய முப்பத்தொரு பேர்

மூன்று x உடன் நான்கைக் கூட்டினால் ஏழு x என்று எழுதும் பிள்ளை மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அந்தப் பிள்ளை ஏதோ யோசித்திருக்கிறது. மூன்று தெரிகிறது, நான்கு தெரிகிறது, கூட்டச் சொல்லியிருக்கிறார்கள், கூட்டிவிட்டது. இந்த x யாருடைய ஆள் என்று விளங்காமல் கடைசியில் கொண்டுபோய் ஒட்டிவிட்டது. பிழைதான், ஆனால் நேர்மையான பிழை. பக்கத்தில் இருந்து பத்து நிமிடம் பேசினால் திருத்திவிடலாம். எனக்குக் கோபம் வருவதெல்லாம் பெரியவர்கள் மேல். அந்தப் பெரியவர்களில் நானும் ஒருத்தி என்பதால்தான் இதை எழுத இவ்வளவு நாள் பிடித்தது.

கண்டியில் ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில் எட்டாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். அட்சரகணிதம் தொடங்கும் வாரம் எனக்குப் பிடித்த வாரம். முதல் நாள் அம்பிட்டியவுக்குப் போகிற பஸ்ஸைத்தான் வகுப்புக்குள் கொண்டுவருவேன். டவுனில் பஸ் நிற்கிறது, உள்ளே எத்தனை பேர் என்று கேட்பேன். "தெரியாது டீச்சர்" என்பார்கள். கண்டக்டருக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும், பரவாயில்லை, தெரியாத அந்தத் தொகைக்கு x என்று பெயர் வைப்போம் என்பேன். முதல் தரிப்பில் ஐந்து பேர் ஏறினால் x + 5. அடுத்ததில் மூன்று பேர் இறங்கினால் x + 2. யாருமே ஏறாமல் பஸ் வெறுமையாகப் போனால் x பூச்சியமா என்று ஒருவன் கேட்பான். அம்பிட்டிய பஸ் எந்தக் காலத்தில் வெறுமையாகப் போனது என்று பின் வரிசை வாங்கிலிருந்து இன்னொருத்தி சொல்வாள். வகுப்பே சிரிக்கும். சிரித்து முடிவதற்குள் அரைவாசிப் பேருக்கு x என்றால் என்னவென்று விளங்கியிருக்கும்.

நான்கு பஸ், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஆட்கள், தரிப்பில் இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள் என்றால் அது 4x + 3. நான்கையும் மூன்றையும் கூட்டி ஏழு x என்று எழுதினால், ரோட்டில் நிற்கிற மூன்று பேரும் மூன்று பஸ்ஸாக மாறிவிட்டார்களா என்று கேட்பேன். ஒரு வருடம் முழுக்க அந்தப் பகிடி ஓடும்.

சமன்பாட்டுக்கு வரும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும். என் வகுப்பில் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் சனிக்கிழமைகளில் டியூஷன் போகிறவர்கள். "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்ற மந்திரம் எனக்கு முன்பே அவர்கள் வாய்க்குள் போயிருக்கும். ஏன் மாறும் என்று கேட்டால், "போனா மாறும் டீச்சர்" என்பார்கள். விமான நிலையத்தில் சுங்கக்காரர் மாற்றுகிறாரா என்று கேட்டால் சிரிப்பார்கள், மந்திரத்தை விடமாட்டார்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே வேலையைச் செய்தால்தான் சமன் கெடாது என்று நான் தொண்டை கிழியக் கத்த, அவர்கள் மூன்றே வரியில் விடையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். விடை சரியாகவும் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அதனால் நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். எப்படிச் செய்தாலும் சரி, வந்த விடையை x இருந்த இடத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சமன் வந்தால் விடைக்குக் கீழே "பார்த்தேன்" என்று எழுத வேண்டும். அந்தச் சொல் இல்லாத கணக்கை நான் திருத்தமாட்டேன். கொப்பி முழுக்கப் பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன். அதைக் காணக் காண எனக்கு ஒரே பெருமை. கண்டி மாவட்டத்திலேயே இப்படி ஒரு வகுப்பு இல்லை என்று வீட்டில் பீற்றிக்கொண்டதும் உண்டு.

அந்த வகுப்பில் அக்குறணையிலிருந்து வரும் ஒரு பிள்ளை இருந்தாள். சனிக்கிழமை குர்ஆன் ஓதப் போவதால் டியூஷன் இல்லை. மெதுவான பிள்ளை. மற்றவர்கள் ஐந்து கணக்குச் செய்தால் அவள் மூன்றில் நிற்பாள். கொப்பியைப் பார்த்தால் ஓரமெல்லாம் பஸ் கீறியிருக்கும். ஆனால் "பார்த்தேன்" என்ற சொல்லை உண்மையாகவே பார்த்துவிட்டு எழுதியவள் அவள் ஒருத்திதான் என்று இப்போது நினைக்கிறேன். ஒருமுறை அவளுடைய கொப்பியில் "பார்த்தேன், சமன் இல்லை, பிழை எங்கே என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிழையைக் காட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன்.

வருடக் கடைசிப் பரீட்சை வந்தது. எங்கள் பாடசாலையில் அந்தப் பரீட்சைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. எட்டாம் தரப் பிள்ளைகளை அதன் புள்ளியை வைத்துத்தான் ஒன்பது A, ஒன்பது B என்று பிரிப்பார்கள். A வகுப்புக்குக் கணித ஆசிரியர் இருப்பார். B வகுப்புக்கு யார் வருவார் என்று அன்றன்றைக்குத்தான் தெரியும். பிள்ளைகள் விளையாட்டு சேர் என்று கூப்பிடும் ஆசிரியர் ஓய்வாக இருந்தால் அவர் வந்து, சத்தம் போடாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்வார். இதை மாற்றச் சொல்லிக் கூட்டங்களில் கத்தியிருக்கிறேன். ஆள் இல்லை டீச்சர் என்ற ஒரே பதில்தான். ஆகவே B க்குப் போகிற பிள்ளையின் கணிதம் பதின்மூன்று வயதிலேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பெற்றோருக்கும் இது தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

வினாத்தாளை அயலிலுள்ள சில பாடசாலைகள் சேர்ந்து தயாரிப்பது வழக்கம். அந்த வருடம் கணித வினாத்தாளை வேறொரு பாடசாலையின் சேர் ஒருவர் தயாரித்தார். என் வகுப்புப் பிள்ளைகள் போகிற சனிக்கிழமை டியூஷனைப் பிலிமத்தலாவையில் நடத்துகிறவரும் அவரே. அதில் தப்பில்லை, நாலு காசு யாருக்குத்தான் வேண்டாம். புள்ளித்திட்டமும் அவரே எழுதி அனுப்பினார். பெற்றோர் வாங்கித் தந்த காகிதத்தில் போட்டோக்கொப்பி எடுத்து, வகுப்பில் இருந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் கொடுத்தோம்.

எழுத்துப் பகுதியின் கடைசிக் கேள்வி, பத்துப் புள்ளி. ஒரு சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னது. புள்ளித்திட்டத்தில் இரண்டு படி: 2x = 10, பிறகு x = 5. நான் விடைத்தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் புள்ளித்திட்டத்தை விரித்து, சிவப்புப் பேனையோடு குந்தினேன். 2x = 10 இருக்கிறதா, இருக்கிறது. x = 5 இருக்கிறதா, இருக்கிறது. கீழே "பார்த்தேன்" இருக்கிறதா, இருக்கிறது. பத்து. முப்பத்தொரு பேருக்கு அப்படிப் பத்துப் பத்தாகப் போட்டேன். ஆறு பேர் கண்டபடி ஏதோ எழுதியிருந்தார்கள், அல்லது எழுதாமலே விட்டிருந்தார்கள். ஒரே ஒரு தாளில் மட்டும் இரண்டு வரி: "x க்கு எந்த எண்ணைப் போட்டாலும் வலது பக்கம் பத்து கூட வரும். விடை இல்லை." அதற்குக் கீழே, "பார்த்தேன்."

விடை இல்லையாம். முப்பத்தொரு பேருக்கு இருக்கிற விடை இவளுக்கு மட்டும் இல்லையாம். நான் ஒரு குறுக்குக் கோடு போட்டுப் பூச்சியம் எழுதிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று இடைவேளையில் அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், இதுல என்ன பிழ ஈக்கி?"

"முப்பத்தொரு பேருக்கு விளங்கின கேள்வி ஒனக்கு மட்டும் ஏன் விளங்கல்ல? விடை இல்லன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போனா மார்க்ஸ் கெடைக்குமா?"

இதைச் சொன்னது நான்தான். பிற்பாடு இதே வசனத்தை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டுக் கொதித்தேன், ஆனால் முதலில் சொன்னது நான்.

அவள் அழவில்லை. வினாத்தாளை நீட்டினாள். "அங்கயும் நாலு பஸ், இங்கயும் அதே நாலு பஸ் டீச்சர். இந்தப் பக்கம் ரோட்டுல மூணு பேர் நிக்கிறாங்க, அந்தப் பக்கம் பதிமூணு பேர் நிக்கிறாங்க. எப்படி டீச்சர் சமன் வரும்?"

தாளை வாங்கிப் பார்த்தேன். 4x + 3 = 4x + 13. முதல் தடவையாகப் பார்த்தேன். திருத்தும்போது கேள்வியை நான் பார்க்கவே இல்லை, புள்ளித்திட்டத்தைத்தான் பார்த்தேன். ஐந்தைப் போட்டேன். இடது பக்கம் இருபத்து மூன்று, வலது பக்கம் முப்பத்து மூன்று. பத்தைப் போட்டேன், நூறைப் போட்டேன். அவள் எழுதியபடியே, எதைப் போட்டாலும் வலது பக்கம் பத்து கூட. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

கேள்வியில் வலது பக்கம் 2x என்று வந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் விடை ஐந்து. தட்டச்சில் யாரோ இரண்டை நாலாக்கிவிட்டார்கள். அது மனிதர்க்கு வரும் பிழை, அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் முப்பத்தொரு பிள்ளைகள் தாளில் இல்லாத 2x ஐ எங்கிருந்து கண்டார்கள்? அவர்களுடைய விடைத்தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் வரியில் தாளில் உள்ளபடி 4x + 3 = 4x + 13 என்று அழகாகப் பிரதி பண்ணியிருந்தார்கள். அடுத்த வரி 2x = 10. வானத்திலிருந்து குதித்த மாதிரி. அதைத்தான் நான் முப்பத்தொரு தடவை சரி போட்டிருந்தேன்.

அடுத்த பாடவேளை வகுப்புக்குப் போய், டியூஷன் கொப்பியை யாராவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு பிள்ளை கள்ளம் கபடமில்லாமல் எடுத்துத் தந்தது. பரீட்சைக்கு முந்திய சனிக்கிழமை, "முக்கியமான கேள்விகள்" என்று தலைப்பு. கடைசிக் கேள்வி 4x + 3 = 2x + 13. விடை 5. பக்கத்தில் ஒரு நட்சத்திரம், அதன் கீழே இரண்டு கோடு.

நான் கரும்பலகையில் வினாத்தாளில் இருந்தபடி சமன்பாட்டை எழுதினேன். ஐந்தைப் போடச் சொன்னேன். போட்டார்கள். இருபத்து மூன்று, முப்பத்து மூன்று.

"எல்லாரும் பார்த்தேன்னு எழுதியிருக்கிங்க. எதப் பார்த்தீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

முன் வரிசை வாங்கில் இருந்த கெட்டிக்காரப் பிள்ளை எழும்பி, "நீங்க எழுதச் சொன்னீங்க டீச்சர், எழுதினோம்" என்றது.

அடிக்க ஓங்கிய கை தன் கன்னத்திலேயே விழுந்த மாதிரி இருந்தது. நான் கண்டுபிடித்த அந்தப் பெரிய வழக்கம், பிள்ளைகளைப் பார்க்கப் பழக்கவில்லை, பார்த்ததாக எழுதப் பழக்கியிருக்கிறது. எங்களைப் பார்த்துப் பழகியதுதானே அவர்களும். கிழமைக்கொருமுறை என் பாடக்குறிப்புப் புத்தகம் அதிபரின் மேசைக்குப் போகும், "பார்வையிட்டேன்" என்று முத்திரை குத்தித் திரும்பி வரும். அதற்குள் ஒரு நாள் நான் மரக்கறிப் பட்டியல் எழுதியிருந்தேன், அதற்கும் முத்திரை விழுந்தது. அதைச் சொல்லி ஆசிரியர் அறையில் ஒரு வருடம் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஒன்பதாம் தரப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். A வகுப்பின் கடைசி இடத்திலிருந்த பிள்ளைக்கும் அக்குறணைப் பிள்ளைக்கும் இடையில் இரண்டு புள்ளி வித்தியாசம். அவள் B. அவளுக்குச் சேர வேண்டிய பத்தைக் கொடுத்தாலே A க்குள் வந்துவிடுவாள். சரியாகச் செய்தவளுக்கு இடமில்லை, பாராமல் எழுதியவர்களுக்கு இடமிருக்கிறது. அதைச் செய்தது என் சிவப்புப் பேனை.

அதிபரிடம் போனேன். யாழ்ப்பாணத்து மனிதர், மென்மையானவர், ஒருவரையும் ஏசமாட்டார். சத்தம் வரும் எந்த விஷயத்தையும் தொடவும் மாட்டார். வினாத்தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே கணக்கைச் செய்து பார்த்தார்.

"ஓம் டீச்சர், கேள்வி பிழைதான். பிள்ளை எழுதினதுதான் சரி."

"அப்ப அவளுக்குப் பத்துப் போடுறேன் சேர்."

"பொறுங்கோ. கேள்வி பிழையெண்டு எழுதினா மற்றப் பிள்ளையளின்ர பத்தையும் வெட்ட வேணும். இது எங்கட பள்ளிக்கூடம் மட்டுமில்ல. வினாத்தாள் செய்தவரையும் கூப்பிட்டுக் கதைப்பம்."

அடுத்த நாள் பின்னேரம் அந்த சேர் வந்தார். நல்ல சேர்ட், கையில் இரண்டு ஃபோன். இரண்டும் மாறி மாறி அதிர்ந்துகொண்டிருந்தன. அதிபர் தேத்தண்ணீர் வரவழைத்தார். மேசையில் வினாத்தாளும் அவளுடைய விடைத்தாளும் இருந்தன. சேர் வினாத்தாளைப் பார்த்தார், ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார்.

"டைப் பண்ணின எடத்துல ஒரு சின்ன மிஸ்டேக் டீச்சர். ஆனா நல்ல புள்ளைங்க வெளங்கிக்கிட்டாங்கதானே? முப்பத்தொரு பேர் வெளங்கிக்கிட்டாங்க. ஒரு புள்ளைக்கு மட்டும் வெளங்கல்ல. அதுக்குக் கேள்வியக் குறை சொல்லலாமா?"

என் வாயிலிருந்து வந்த அதே வசனம். ஆனால் நான் தெரியாமல் சொன்னேன். இவர் தெரிந்துகொண்டு சொல்கிறார்.

"இல்லாத ரெண்டு x ஐ எப்படி சேர் வெளங்கிக்கிட்டாங்க?" என்றேன். "பிள்ளைங்க சாஸ்திரம் பாத்தாங்களா?"

"அனுபவம் டீச்சர். நெறையக் கணக்குச் செஞ்ச புள்ளைங்களுக்குத் தெரியும், எது வரணும்னு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் சோறுகூட இல்லாமல் வெறும் தட்டில் மறைத்தார். நான் பையிலிருந்து டியூஷன் கொப்பியை எடுத்து, நட்சத்திரம் போட்ட பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். அந்தத் திகதியையும் விரலால் காட்டினேன். சேர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அழைப்பு வராமலே வெளியே போனார்.

அதிபர் அந்தக் கொப்பியைத் தன் கையாலேயே மூடி என் பக்கம் தள்ளினார். "இதை இஞ்ச வைச்சுக் கதைக்க வேண்டாம் டீச்சர்" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் அடங்கவில்லை. பிழையான கேள்வி ஒன்று. அதை ஒரு பிள்ளை பிழை என்று கண்டுபிடித்து, காரணத்தோடு, தமிழில், இரண்டு வரியில் எழுதியிருக்கிறது. நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலும் இவ்வளவு தெளிவாக ஒரு விடை எழுதியதில்லை. அந்தப் பிள்ளையை ஏதோ வீட்டுக்குள் நுழைந்த பாம்பைப் பார்க்கிற மாதிரி மூன்று பெரியவர்கள் சுற்றி நின்று பார்க்கிறோம். எப்படி வெளியே விடலாம் என்று யோசிக்கிறோம். சரி என்ற ஒரு வார்த்தையை எழுதுவதற்கு இவ்வளவு பயமா? முப்பத்தொரு தாய் தகப்பன்மார் கேற்றடியில் வந்து நிற்பார்களாம். நிற்கட்டுமே. ஐந்தைப் போட்டுப் பாருங்கள் என்று ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தால் போதாதா?

இதையெல்லாம் சத்தமாகவே சொன்னேன். சொல்லி முடிந்ததும் அதிபர் மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்குப் பிள்ளை A க்கு வர வேணும். அவ்வளவுதானே?"

"அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கணும்."

"நாளைக்குக் காலமை பட்டியல் ஒட்ட வேணும் டீச்சர். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டா பதில் வாறதுக்கு மாசி பங்குனி ஆகும். அதுவரைக்கும் பிள்ளை B யில இருக்கும். நான் ஒரு வழி சொல்லுறன். கேள்வியைத் தொட வேண்டாம். ஒருத்தருக்கும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு மூண்டு புள்ளி, கையெழுத்து வடிவெண்டு போடுவம். அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. A க்குள்ள வந்திடும்."

வெளியே போன சேர் திரும்பி வந்து, "நல்ல யோசனை சேர்" என்றார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த அறையை விட்டு எழும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் என் கண் முன்னால் ஒன்பது B தெரிந்தது. கதிரையில் சாய்ந்த விளையாட்டு சேரும், ஓரத்தில் பஸ் கீறிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளையும் தெரிந்தார்கள். அவளுடைய ஒரு வருடத்தை என் வீம்புக்காகப் பணயம் வைக்கலாமா என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதிபர் நீட்டிய படிவத்தில், "கையெழுத்துத் தெளிவுக்காக மூன்று புள்ளிகள்" என்பதற்குக் கீழே ஒப்பமிட்டேன்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ A க்கு வந்துவிட்டாய், மூன்று புள்ளி கூட்டியிருக்கிறோம் என்று. முகம் மலர்ந்தது.

"அந்தக் கேள்விக்கா டீச்சர்?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் புள்ளி அட்டையில் கையெழுத்து என்றுதான் எழுதியிருந்தது, அவளுடைய உம்மா அதைப் பார்ப்பார். "இல்ல மகள். கையெழுத்துக்கு" என்றேன்.

அவள் விடைத்தாளைத் திருப்பி அந்த இரண்டு வரியைப் பார்த்தாள். கையெழுத்து அப்படியொன்றும் வடிவில்லை. பஸ் கீறுகிற கை, எழுத்தெல்லாம் மேட்டிலே ஏறுகிற மாதிரிச் சரிந்திருக்கும். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பூச்சியம் அந்தத் தாளில் அப்படியே இருந்தது, அதை வெட்டி எழுதக்கூட எனக்கு அனுமதி இல்லை.

அடுத்த வருடம் ஒன்பது A க்குக் கணிதம் என்னிடமே வந்தது. நான் திருந்திய ஆசிரியை என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் போனேன். "பார்த்தேன்" என்று சும்மா எழுதினால் விடமாட்டேன், எதைப் போட்டோம், என்ன வந்தது என்று இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும் என்றேன். வாரத்துக்கு ஒரு கணக்கில் வேண்டுமென்றே பிழையொன்றை வைத்தேன். பிள்ளைகள் பிழை பிடிக்கப் பழகினார்கள். கரும்பலகையில் நான் தவறாக எழுதினால் நாலு கை எழும்பும். எனக்கு மெல்ல மெல்ல மனம் ஆறியது.

முதலாம் தவணை முடிய முன் நானே ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். கடைசிக் கேள்வியாக 3x + 2 = 3x + 9 என்று கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வியை வகுப்புக்காக வைக்கவில்லை, அவளுக்காக வைத்தேன். அவள் எழுதுவாள், நான் பத்துக்குப் பத்துப் போடுவேன், பெரிதாக ஒரு சரி போட்டு எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவேன். போன வருடத்துக் கடனை அப்படித் தீர்த்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

பதினான்கு பேர் விடை இல்லை என்று எழுதியிருந்தார்கள். போன வருடம் ஐந்து என்று எழுதிய முன்வாங்குப் பிள்ளையும் அதில் ஒன்று. எதைப் போட்டாலும் வலது பக்கம் ஏழு கூட வரும் என்று காரணமும் எழுதியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுடைய தாளைத் தேடி எடுத்தேன்.

x = 7 என்று எழுதியிருந்தாள். வேறொன்றும் இல்லை. கீழே "பார்த்தேன்" எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

இடைவேளையில் கூப்பிட்டேன். போன வருடம் அவள் வந்து நின்ற அதே வாசல். தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"ஏழு எங்கயிருந்து வந்திச்சு?"

"ஒம்பதுல ரெண்டு போனா ஏழு டீச்சர்."

"போட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன். சமன் வருதில்ல. அதனாலதான் பார்த்தேன்னு எழுதல்ல."

"இதுக்கு விடை இல்லன்னு ஒனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் டீச்சர். அங்கயும் மூணு பஸ், இங்கயும் மூணு பஸ்."

"பிறகு ஏன் மகள் அத எழுதல்ல?"

அவள் தாளில் சரிந்து கிடந்த தன் எழுத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"போன முறை அப்படி எழுதினதுக்கு மார்க்ஸ் தரல்ல, கையெழுத்துக்குத்தானே தந்தீங்க. இந்த முறை அவசரமா எழுதினேன் டீச்சர், கையெழுத்து வடிவில்ல."

அவள் முகத்தைப் பார்த்தேன். கேலியாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.